அம்மாவோ அப்பாவோ இல்லாம வளர்ற பசங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

பதின்வயசு பசங்களோட உக்காந்து பேசறதுதான் என் வேலை. அம்மாவையோ அப்பாவையோ இழந்த பசங்க வந்தா மொதல்ல படிப்பு, தூக்கம்னு ஏதாவது பேசிட்டு கடைசில கிளம்பற நேரத்துல, கதவுகிட்ட நின்னுக்கிட்டு, இதுல ஏதாவது ஒண்ணைக் கேப்பாங்க. இது நமக்கு மட்டும்தான் தோணுதுன்னு ஒவ்வொருத்தரும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அதனாலதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். பசங்க கேட்டதுக்கு நீன்னு கூப்பிட்டே பதில் சொல்லிருக்கேன், நடுவுல பெரியவங்க கேட்டதும் கொஞ்சம் இருக்கு, அவங்களுக்கு நீங்க. அப்பான்னு வர்ற இடத்துல உனக்கு அம்மான்னா மாத்திப் படிச்சுக்கோ.

அப்பா போய் பத்து நாளாச்சு, எனக்கு அழுகையே வரல. நான் என்ன கல்லா?

இல்ல. பெரிய அதிர்ச்சி வந்தா மொதல்ல மரத்துப் போறது ரொம்ப சாதாரணம். சில பேருக்கு அழுகை அன்னிக்கே வரும், சில பேருக்கு ரெண்டு மாசம் கழிச்சு சம்பந்தமே இல்லாம பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருக்கும்போது வரும். சில பேருக்கு அழுகையா வராம எரிச்சலா வரும், கதவை டமார்னு சாத்தறது, தங்கச்சிமேல காரணமே இல்லாம கத்தறது, எதுலயும் மனசு ஒட்டாம சுத்தறது, இதெல்லாமும் அதே துக்கம்தான்.

சுத்தி இருக்கறவங்க "அழுதுடு, உள்ள வச்சுக்காத"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. அக்கறைலதான் சொல்றாங்க, ஆனா அவங்களுக்காக அழுது காட்டணும்னு உனக்கு கட்டாயம் இல்ல.

காலைல அழுதேன், சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸோட கேம் ஆடி விழுந்து விழுந்து சிரிச்சேன். அத்தை ஒரு மாதிரி பாத்தாங்க. தப்பா?

தப்பே இல்ல, இப்படித்தான் நடக்கும். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1999ல எழுதினது இதைப் பத்திதான். துக்கத்துல இருக்கறவங்க ரெண்டு பக்கம் மாறி மாறி போயிட்டு வருவாங்க, ஒரு பக்கம் போனவங்களைப் பத்தின வலி, இன்னொரு பக்கம் மறுபடி நடத்த வேண்டிய வாழ்க்கை, ரெண்டுலயும் கொஞ்ச கொஞ்ச நேரம் இருந்தாதான் தாங்க முடியும்னு சொல்றாங்க. பெரியவங்களைவிட உன் வயசுல இந்த மாற்றம் ரொம்ப வேகமா இருக்கும், அஞ்சு நிமிஷத்துல மாறும், அதைத்தான் அத்தை பாத்து குழம்பிருப்பாங்க. கேமை விடாத.

அஞ்சு ஸ்டேஜ் இருக்காமே, நான் எந்த ஸ்டேஜ்ல இருக்கேன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

கண்டுபிடிக்க வேண்டாம். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கறதுன்னு அந்த அஞ்சையும் 1969ல எழுதினவங்க எலிசபெத் கூப்ளர் ராஸ்னு ஒரு மனநல மருத்துவர். அவங்க அன்னிக்கு பேசினது சாகப்போற நோயாளிகளோட, வீட்டுல ஒருத்தரை இழந்த பசங்களோட இல்ல. பின்னாடி எல்லாரும் அதை எடுத்து எல்லா துக்கத்துக்கும் படிக்கட்டு மாதிரி வச்சுட்டாங்க. படி படியா யாரும் ஏறறது இல்ல, இது வரிசையா வரும்னு நம்பக்கூடாதுன்னு பின்னாடி அவங்களே சொல்லிட்டாங்க. ஒரு பையன் என்கிட்ட "எனக்கு கோபம் ஸ்டேஜ் வரவே இல்லைங்க, ஏதாவது விட்டுட்டேனா"ன்னு ரொம்ப சீரியஸா கேட்டான். எதையும் விடல.

எவ்ளோ நாள்ல சரியாகும்? ஒரு வருஷம்னு சொல்றாங்க.

ஒரு வருஷம்ங்கறது யாரோ வச்ச கணக்கு. மொதல் பிறந்தநாள், மொதல் பண்டிகை, மொதல் ரிசல்ட் எல்லாம் தாண்டிட்டா அடுத்த வருஷம் கொஞ்சம் பழகிடும்ங்கறது பாதி உண்மை. இன்னொரு பாதியும் இருக்கு. வில்லியம் வோர்டன், ஃபிலிஸ் சில்வர்மேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல அம்மாவையோ அப்பாவையோ இழந்த 125 பசங்களை, 6 வயசுலேர்ந்து 17 வயசு வரைக்கும், ரெண்டு வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. மத்த பசங்களோட ஒப்பிட்டா வித்தியாசம் மொத வருஷத்தைவிட ரெண்டாவது வருஷத்துலதான் அதிகமா தெரிஞ்சுது. அதுக்குள்ள வீட்டுக்கு வந்து போறவங்க குறைஞ்சிருப்பாங்க, டீச்சர்ங்க மறந்திருப்பாங்க, நீ மட்டும் "ஏன் இப்பப் போய் இப்படி ஆகுது"ன்னு முழிச்சுட்டு இருப்ப.

நான் பாத்த வரைக்கும் துக்கம் ஒரு தேதில முடியறது இல்ல, நீ வளர வளர அதுவும் வேற வேற மாதிரி வரும். 13 வயசுல "யாரு என்னை ஸ்கூல்ல கொண்டு விடுவா"ன்னு இருந்தது 17ல "இவர்கிட்ட கேக்க வேண்டியதெல்லாம் இப்பதான் எனக்குத் தெரியுது"ன்னு ஆகும். இது பழைய புண்ணை நோண்டறது இல்ல, 13 வயசுல புரியாத ஒரு பகுதி இப்ப புரியுது, அவ்ளோதான். கீழ வர்ற நிறைய பதில் இங்கேர்ந்துதான் கிளம்பும், அதனால இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ.

படிச்சது மண்டைல ஏறவே இல்ல. ஒரே பக்கத்தை நாலு தடவை படிக்கறேன். நான் மக்காயிட்டேனா?

ஆகல. துக்கம் கவனத்தையும் ஞாபகத்தையும் பிடிச்சு உலுக்கும், தூக்கத்தையும் கெடுக்கும், தூக்கம் போனா படிப்பு இன்னும் போகும். உன் வயசுக்கு 8லேர்ந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும், நீ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கூரையப் பாத்துட்டு படுத்திருந்தா எந்தப் பாடமும் ஏறாது. தலைவலி, வயித்து வலி, காரணமே தெரியாத அசதி, இதுவும் வரும்.

ஸ்கூல்ல ஒரு டீச்சர்கிட்டயாவது சொல்லி வை. "பரீட்சை வேணாம்"னு கேக்க வேண்டாம், "அசைன்மெண்ட்டுக்கு ஒரு வாரம் டைம் குடுங்க, கிளாஸ்ல மனசு தாங்கலைன்னா அஞ்சு நிமிஷம் வெளிய போயிட்டு வர்றேன்"ன்னு இப்படி சின்னதா, குறிப்பா கேட்டா பெரும்பாலும் கிடைச்சுடும். பொத்தாம்பொதுவா "கஷ்டமா இருக்கு"ன்னு சொன்னா அவங்களுக்கும் என்ன பண்றதுன்னு தெரியாம தலையத் தடவிக் குடுத்துட்டு போயிடுவாங்க.

நெஞ்சு லேசா வலிச்சாக்கூட அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சோன்னு பயம். அம்மா வர பத்து நிமிஷம் லேட்டானா கை நடுங்குது.

ஒரு தடவை நடக்கவே நடக்காதுன்னு நெனச்சது நடந்துடுச்சு, இனிமே எதையும் "நடக்காது"ன்னு உன் மூளை நம்ப மாட்டேங்குது. ரொம்ப பேருக்கு இது இருக்கு. நோய் பத்தின பயம் இருந்தா நெட்ல தேடாம ஒரு டாக்டர்கிட்ட நேரா கேளு, "எங்கப்பாவுக்கு இது இருந்துச்சு, எனக்கு வர வாய்ப்பு எவ்ளோ, எந்த வயசுல டெஸ்ட் பண்ணணும்"னு. சில நோய் குடும்பத்துல வரும், நிறைய நோய் அப்படி வராது, எது எதுன்னு தெரிஞ்சாலே பாதி பயம் போகும்.

அம்மா லேட்டாகறதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிக்கோங்க, கிளம்பும்போது ஒரு மெசேஜ், லேட்டானா ஒரு மெசேஜ், அது போதும். பத்து தடவை போன் பண்ற பழக்கம் வேண்டாம், அது பயத்தை ஏத்திவிடும்.

அன்னிக்கு காலைல அவர்கூட சண்டை போட்டுட்டு பேசாம போனேன். அதான் கடைசி. இதை எப்படி தாங்கறது?

இந்தக் கேள்விதான் என்கிட்ட அதிகமா வந்தது. சண்டைக்கு என்ன காரணம்னு கேட்டா போன், முடி வெட்டறது, ரூமை கூட்டறது, ஃப்ரெண்டு வீட்டுல தங்கறது, இப்படித்தான் இருக்கும். உன் வயசுல அப்பா அம்மாகிட்டேர்ந்து கொஞ்சம் தள்ளி நின்னு "நான் தனி ஆளு"ன்னு காட்டறதுதான் வளர்றது, அதுக்கு சண்டை இல்லாம வழியே இல்ல, உன் வயசுல அவரும் அவங்க அப்பாவோட போட்டிருப்பார். வழக்கமா அந்தச் சண்டை சாயங்காலம் சாப்பிடும்போது தானா கரைஞ்சு போயிடும், உனக்கு அந்தச் சாயங்காலம் கிடைக்கல. சண்டை தப்பா இருந்ததால இப்படி வலிக்கல, முடிக்க நேரம் இல்லாம போச்சு, அதான் வலிக்குது.

உன் சண்டையால அவருக்கு எதுவும் ஆகல, இதை தெளிவா சொல்லிடறேன், ஏன்னா நிறைய பசங்க உள்ளுக்குள்ள "என்னாலதான் பிரஷர் ஏறிடுச்சு"ன்னு ஒரு கதை வச்சிருக்காங்க. சந்தேகம் இருந்தா அவரைப் பாத்த டாக்டர்கிட்ட என்ன நடந்துச்சுன்னு வீட்டுல யாரையாவது கூட்டிட்டுப் போய் கேளு. சொல்ல நெனச்சதை லெட்டரா எழுதறது சில பேருக்கு உதவுது. மன்னிப்பு மட்டும் எழுதாத, அந்தச் சண்டைல உன் பக்கம் நியாயம் இருந்தா அதையும் எழுது.

அம்மா போயிட்டாங்கன்னு சொன்னதும் எனக்கு மொதல்ல தோணுனது 'இனிமே பணத்துக்கு என்ன பண்றது'ன்னுதான். நான் அவ்ளோ கேவலமானவளா?

பீட்டில்ஸ்ங்கற இங்கிலாந்து இசைக்குழுவுல பாடின பால் மெக்கார்ட்னிக்கு 14 வயசு இருக்கும்போது, 1956ல, அவங்க அம்மா இறந்தாங்க. அம்மாவோட சம்பளம் இல்லாம என்ன பண்ணப் போறோம்னுதான் அவர் வாய்லேர்ந்து மொதல்ல வந்துச்சு, அதுக்காக ரொம்ப நாள் தன்னையே திட்டிக்கிட்டதா அவரே சொல்லிருக்கார். அவர் அம்மாமேல எவ்ளோ பாசம் வச்சிருந்தார்னு உலகத்துக்கே தெரியும். அவரோட பாட்டு எழுதின ஜான் லெனனும் 17 வயசுல, 1958ல, அம்மாவை இழந்தவர், அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த நெருக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பணம், வீடு, ஸ்கூல், இதெல்லாம் என்ன ஆகும்னு கவலைப்படறது சுயநலம் இல்ல. உன்னை யார் பாத்துப்பாங்கன்னு உன் உடம்பு கேக்குது. வீட்டுல இருக்கற பெரியவங்ககிட்ட நேரா கேளு, "நாம இங்கயேதான் இருப்போமா, என் படிப்பு நிக்குமா"ன்னு. பதில் கொஞ்சம் மோசமா இருந்தாலும் தெரியாம இருக்கறதுக்கு அது மேல்.

மூணு வருஷம் படுக்கைல இருந்தார். போனதும் ஒரு நிம்மதி வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல.

நீண்ட நாள் நோயைக் கூட இருந்து பாத்தவங்க நிறைய பேருக்கு இந்த நிம்மதி வரும், பெரியவங்களுக்கும் வரும், அவங்களும் சொல்ல மாட்டாங்க. நீ அவர் சாகணும்னு ஆசைப்படல. அவர் கஷ்டம் முடியணும்னும், வீடு மருந்து வாசனை இல்லாம இருக்கணும்னும், ராத்திரி யாராவது முனகுற சத்தம் இல்லாம தூங்கணும்னும் ஆசைப்பட்ட. அவர் இருந்தபோதே நீ மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா துக்கப்பட்டுட்டுதான் இருந்திருக்க.

ஸ்கூல்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க. புதுசா யாராவது 'அப்பா என்ன பண்றார்'னு கேட்டா என்ன சொல்றது?

ரெண்டு பதில் ரெடியா வச்சுக்கோ, சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. சின்னது: "அப்பா இல்ல, அம்மா வேலைக்குப் போறாங்க." இதை சொல்லிட்டு நீயே அடுத்த கேள்வியைக் கேட்டுடு, "உங்க வீடு எங்க?"ன்னு, பேச்சு நகந்துடும். பெருசு நீ நம்பற ஆளுக்கு மட்டும். கேக்கறவங்க எல்லாருக்கும் முழுக் கதை சொல்லணும்னு கிடையாது, அப்படி சொல்லாம விட்டா அப்பாவை மறைக்கற மாதிரியும் ஆகாது. "வெளியூர்ல இருக்கார்"னு சொல்லித் தப்பிச்ச பசங்களும் உண்டு, மொத நாள் அது சுலபம்தான், ஆனா ஃப்ரெண்டாகிட்டா ஆறு மாசம் கழிச்சு உடைக்கணும், அது ரொம்பப் பாடு.

ஃபாரம்ல அப்பா பேருக்குப் பக்கத்துல 'தொழில்'னு ஒரு கட்டம் இருக்கும் பாரு, அதுல வந்து பேனா நிக்கும். பேரை எழுது, தொழில் கட்டத்துல 'காலமானார்'னு எழுது. அவர் பேர் எப்பவும் உன் அப்பா பேர்தான்.

அவர் வாட்ஸப்புக்கு இன்னும் மெசேஜ் பண்றேன். பைத்தியமா?

இல்ல. போனவங்களோட உறவை வெட்டி விட்டாதான் மனசு ஆறும்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தாங்க. டென்னிஸ் கிளாஸ்ங்கறவர், ஃபிலிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மேன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 1996ல அதை மறுத்துட்டாங்க, அந்த சில்வர்மேன் மேல சொன்ன 125 பசங்களைப் பாத்தவங்கதான். மனசுக்குள்ள பேசறது, அவங்க பொருளை வச்சுக்கறது, "இதுக்கு அவர் என்ன சொல்வார்"னு யோசிக்கறது, இதெல்லாம் நிறைய பேர் நல்லபடியா வாழறதுக்கு உதவற விஷயம்தான்னு காட்டினாங்க.

ஆனா வாட்ஸப்புல ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு, அதை சொல்லியே ஆகணும். ஒரு பொண்ணு தினமும் ராத்திரி அப்பா நம்பருக்கு குட்நைட் அனுப்புவா, ஒத்த டிக் வரும், அது அவளுக்குப் போதும். சில மாசம் கழிச்சு ஒரு நாள் ரெண்டு டிக் வந்துச்சு, கொஞ்ச நேரத்துல நீலமாச்சு, டிபில யாரோ ஒருத்தர் பைக்மேல சாஞ்சு நிக்கறார். ரீசார்ஜ் பண்ணாம விட்ட நம்பரை கம்பெனி வேற ஒருத்தருக்கு குடுத்துட்டாங்க. அந்த ஆளுமேல ஒரு தப்பும் இல்ல, "யாருங்க நீங்க"ன்னு மரியாதையாத்தான் கேட்டார், அவ ரெண்டு நாள் சாப்பிடல. அதனால அந்த நம்பர் போகாம பாத்துக்கணும்னு வீட்டுல சொல்லு, சிம்மை யார் பேர்லயாவது முறைப்படி மாத்தி ரீசார்ஜ் பண்ணி வைங்க, பேங்க் ஓடிபி எல்லாம் அதுக்குத்தான் வரும், அந்தக் காரணத்தை சொன்னா பெரியவங்க உடனே கேப்பாங்க.

அவர் குரல், போட்டோ எல்லாம் எப்படி பத்திரமா வைக்கறது?

இதுல லேட் பண்ணாத. 120 நாள் யூஸ் பண்ணாத அக்கவுண்ட்டை வாட்ஸப் பொதுவா அழிச்சுடும். உன் போன்ல இருக்கற சாட் அப்படியே இருக்கும், ஆனா டவுன்லோட் பண்ணாம விட்ட பழைய வாய்ஸ் நோட் சர்வர்ல காத்துட்டு இருக்காது, இருக்கறதை எல்லாம் இப்பவே தட்டி எடு, மீடியாவோட சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி ரெண்டு இடத்துல வை. "வரும்போது பால் வாங்கிட்டு வா"ன்னு சொல்ற எட்டு செகண்ட் வாய்ஸ் நோட்டைத்தான் பசங்க பின்னாடி தேடறாங்க, கல்யாண வீடியோவை இல்ல, அதனால முக்கியமில்லைன்னு எதையும் ஒதுக்காத. ரெண்டு வருஷம் யாரும் உள்ள போகாத கூகுள் அக்கவுண்ட்டை கூகுள் அழிக்கலாம், அதுல இருக்கற போட்டோவும் போயிடும், நெருங்கின சொந்தம் கூகுளுக்கு விண்ணப்பம் போட வழி இருக்கு. ஃபேஸ்புக்கை நினைவுப் பக்கமா மாத்தச் சொன்னா அதுக்கப்புறம் பாஸ்வேர்டு தெரிஞ்சவங்களும் உள்ள போக முடியாது, எடுக்க வேண்டியதை மொதல்லயே எடுத்துடுங்க. அவர் போன் பூட்டியிருந்தா குத்துமதிப்பா நம்பர் அடிச்சுப் பாக்காத, சில போன்ல பத்து தடவை தப்பானா எல்லாமே அழியற செட்டிங் இருக்கும்.

எல்லா சொந்தக்காரங்களும் 'இனிமே நீதான் வீட்டைப் பாத்துக்கணும்'னு சொல்லிட்டு போறாங்க. எனக்கு 15 வயசு.

நல்லா தைரியம் சொல்றோம்னு நெனச்சுட்டு சொல்றாங்க, எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டாலே கோபம் வரும். அப்பா போன அன்னிக்கே உன் சின்ன வயசையும் சேத்து எடுத்துட்டு போக யாருக்கும் உரிமை இல்ல. வீட்டுல வேலையைப் பங்கு போட்டுக்கறது வேற, அது நல்லதுதான், கடைக்குப் போறது, தம்பிக்கு பாடம் சொல்லிக் குடுக்கறது, பில் கட்டறது. ஆனா அம்மாவோட ஒரே ஆறுதல் நீயா இருக்கறது, கடன் கணக்கை ராத்திரி உன்கிட்ட சொல்லி அழறது, தம்பியை அடிச்சுத் திருத்தறது, இதெல்லாம் ஒரு பெரியவரோட வேலை. சொந்தத்துல யாராவது அப்படி சொன்னா, "நீங்க வாரம் ஒரு தடவை வந்து பாத்துக்கிட்டீங்கன்னா நல்லா இருக்கும் மாமா"ன்னு சிரிச்சுட்டே சொல்லு. நிஜமா அக்கறை இருக்கறவர் வருவார்.

அம்மா முன்னாடி நான் அழறதே இல்ல, அவங்க தாங்க மாட்டாங்க.

உங்கம்மா என்கிட்ட வந்து இதையேதான் சொல்வாங்க, பேரை மட்டும் மாத்தி. ரெண்டு பேரும் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழறீங்க. யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணும், நீயே ஆரம்பிக்கறதா இருந்தா அழ வேண்டாம், "இன்னிக்கு அப்பா ஞாபகம் வந்துச்சும்மா"ன்னு ஒரு வரி போதும். அம்மா அழுதா அது உன்னால இல்ல, அந்த அழுகை ஏற்கனவே உள்ள இருந்ததுதான்.

(ஒரு அம்மா கேட்டது) பொண்ணு ரூமை விட்டு வரமாட்டேங்கறா, பேசினா எரிஞ்சு விழறா. நான் என்ன பண்ணணும்?

அவ ஃப்ரெண்ட்ஸோட பேசறாளா, ஸ்கூலுக்குப் போறாளா, குளிக்கறாளா, சாப்பிடறாளா பாருங்க. இதெல்லாம் இருந்தா உங்ககிட்ட மட்டும் பேசாம இருக்கறது பெரும்பாலும் வயசுதான், அப்பா இருந்திருந்தாலும் பூட்டியிருப்பா. எதிர்ல உக்கார வச்சு "மனசு விட்டுப் பேசு"ன்னா வாயைத் திறக்க மாட்டாங்க, வண்டில போகும்போது, துணி மடிக்கும்போது, ரெண்டு பேர் கண்ணும் வேற இடத்துல இருக்கும்போது பேசுவாங்க.

இன்னொண்ணு, உங்களுக்குப் பிடிக்காது ஆனா சொல்றேன். மேல சொன்ன அந்த ரெண்டு வருஷ ஆராய்ச்சில பசங்க எப்படித் தேறினாங்கன்னு பாத்தப்ப ரொம்ப முக்கியமா தெரிஞ்சது, மிச்சம் இருக்கற பெத்தவர் எப்படி இருக்கார்ங்கறதுதான். அதனால நீங்க தூங்கறது, நீங்க ஒரு ஆள்கிட்ட போய்ப் பேசறது, உங்க மருந்தை நேரத்துக்குப் போடறது, இதெல்லாம் அவளுக்காக செய்யற வேலைதான்.

தம்பிக்கு 4 வயசு, 'அப்பா எப்ப வருவார்'னு தினமும் கேக்கறான். தூங்கறார்னு சொல்லவா?

சொல்லாத, அப்புறம் அவன் தூங்கவே பயப்படுவான், நீங்க தூங்கினாலும் பயப்படுவான். வெளியூர் போயிருக்கார்னும் சொல்லாத, வாசல்லயே நிப்பான். செத்தா திரும்ப வரமாட்டாங்க, எல்லா உயிரும் ஒரு நாள் சாகும்ங்கறது பசங்களுக்கு பொதுவா 5லேர்ந்து 7 வயசுக்குள்ளதான் முழுசா புரியும். "அப்பா செத்துட்டார், அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, இனிமே வர முடியாது, உன்னை நாங்க பாத்துப்போம்." திரும்பத் திரும்ப கேப்பான், திரும்பத் திரும்ப இதையே சொல்லு. ஆனா தினமும் நீயே சொல்லணும்னு இல்ல, அது மேல சொன்ன பெரியவர் வேலைல சேரும்.

எல்லாரும் அப்பாவைத் தங்கமானவர்னு சொல்றாங்க. அவர் குடிச்சுட்டு எங்களை அடிச்சவர். நான் என்ன உணரணும்?

எது வருதோ அது. கோபம், நிம்மதி, அதோட எங்கேர்ந்துன்னே தெரியாம ஒரு ஏக்கம், எல்லாம் ஒரே மணி நேரத்துல வரலாம். இதுல ஏங்கறது அவருக்காக மட்டும் இல்ல, என்னிக்காவது திருந்தி நல்ல அப்பாவா ஆயிடுவார்னு உள்ள ஒரு நம்பிக்கை இருந்திருக்கும் பாரு, அதுவும் அவரோட சேந்து போயிடுச்சு. வந்தவங்க புகழும்போது நீ மறுத்துப் பேச வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம், எழுந்து வேற ரூமுக்குப் போயிடு. உண்மையை சொல்ல ஒரே ஒரு ஆளாவது வச்சுக்கோ.

அம்மா தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. நான் கவனிச்சிருந்தா தடுத்திருக்கலாமோ?

நீ காரணம் இல்ல, நீ காவலாளியும் இல்ல. தற்கொலை ஒரே ஒரு காரணத்தால, ஒரே ஒரு வார்த்தையால நடக்கறது இல்ல, பெரும்பாலும் பல விஷயம் சேந்து, நிறைய தடவை மனநோயும் சேந்து, அந்த நேரத்துல வேற வழியே கண்ணுக்குத் தெரியாம போயிடுது. இப்ப திரும்பிப் பாத்தா அடையாளம் எல்லாம் பளிச்னு தெரியும், ஏன்னா முடிவு உனக்குத் தெரிஞ்சுடுச்சு, அன்னிக்கு தெரியல. "ஏன்"ங்கற கேள்விக்கு முழு பதில் கிடைக்காமலே போகலாம். வெளி ஆட்களுக்கு "அம்மா இறந்துட்டாங்க, அதுக்கு மேல பேச விருப்பமில்ல"ன்னு சொன்னா போதும், ஆனா வீட்டுக்குள்ள இதை ரகசியமா வச்சா ரொம்ப கனமாயிடும். இந்த இழப்புக்கு கவுன்சிலிங் தெரிஞ்ச ஆள்கிட்ட போறதை நான் கட்டாயம்னே சொல்வேன்.

எனக்கும் செத்துடலாம்னு தோணுது. இது நார்மலா?

"அவரோட இருக்கணும்"னு ஏக்கம் வர்றது நிறைய பேருக்கு உண்டு. ஆனா சாகணும்னு தோணுதுன்னா, முக்கியமா எப்படி, எப்பன்னு யோசனை போகுதுன்னா, இன்னிக்கே ஒரு பெரியவர்கிட்ட இதே வார்த்தைல சொல்லு: "எனக்கு செத்துடலாம்னு தோணுது, என்னைத் தனியா விடாதீங்க." அம்மாகிட்ட முடியலைன்னா டீச்சர், சித்தி, டாக்டர், உங்க நாட்டுல இருக்கற தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன், யாரா இருந்தாலும் சரி. மொத ஆள் சரியா கேக்கலைன்னா ரெண்டாவது ஆள்கிட்ட சொல்லு. அந்த நிமிஷமே ஆபத்துன்னா எமர்ஜென்சி நம்பர், இல்ல பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரி.

இது இல்லாமலும் டாக்டரைப் பாக்க வேண்டிய நேரம் உண்டு. ஆறு மாசம் தாண்டியும் கிட்டத்தட்ட தினமும் அதே தீவிரத்துல ஏக்கம் அமுக்குது, ஸ்கூல், ஃப்ரெண்ட்ஸ், எதுவும் முடியலைன்னா அதுக்கு நீடித்த துக்கக் கோளாறுன்னு ஒரு பேரே இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயும் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தோட கையேட்டுலயும் சேத்துட்டாங்க, அமெரிக்க கையேடு பெரியவங்களுக்கு 12 மாசம்னும் பசங்களுக்கு 6 மாசம்னும் சொல்லுது. இதுக்கு சிகிச்சை இருக்கு. குடி, போதை, கையைக் கிழிச்சுக்கறது மாதிரி ஏதாவது ஆரம்பிச்சிருந்தா ஆறு மாசமெல்லாம் எண்ண வேண்டாம், இப்பவே போ.

அம்மா வேற ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க. அப்பாவை மறந்துட்டாங்களா?

மறக்கல. அவங்க இழந்தது புருஷனை, நீ இழந்தது அப்பாவை, ரெண்டும் ஒரே மனுஷன்தான், ஆனா இழப்பு வேற. அவங்க இழந்த இடத்துக்கு ஒருத்தர் வரலாம், நீ இழந்த இடத்துக்கு யாரும் வர முடியாது, அதனாலதான் உனக்கு மட்டும் துரோகம் மாதிரி இருக்கு. உனக்குக் கேக்க உரிமை இருக்கற விஷயங்கள் உண்டு: வர்றவரை அப்பான்னு கூப்பிடணுமா, அப்பா போட்டோ எங்க இருக்கும், ரூம் மாறுமா, இதை முன்னாடியே பேசிடு. கல்யாணத்தை நிறுத்தற உரிமை மட்டும் உன்கிட்ட இல்ல.

நாலு வருஷம் நல்லாத்தான் இருந்தேன். காலேஜ் சேந்த அன்னிக்கு திடீர்னு மொத நாள் மாதிரி உடைஞ்சுட்டேன். திரும்ப ஆரம்பத்துக்கே போயிட்டேனா?

போகல. 'எவ்ளோ நாள்'ங்கற கேள்விக்கு சொன்னதுதான், புது வயசு வந்துச்சு, புது இடம் காலியா தெரிஞ்சுது. ஹாஸ்டல்ல எல்லாருக்கும் அப்பா பெட்டி தூக்கிட்டு வந்திருப்பாங்க. மொத சம்பளம், கல்யாணம், குழந்தை, அப்புறம் அவர் செத்த வயசை நீ தொடற வருஷம், அப்ப எல்லாம் இது வரும். முன்னாடியே தெரிஞ்சுட்டா அந்த நாளுக்குக் கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகலாம். மொத வருஷம் மாதிரி மாசக்கணக்குல நிக்காது, பெரும்பாலும் சில நாள்ல இறங்கிடும்.

அப்பா நான் டாக்டராகணும்னு ஆசைப்பட்டார். எனக்குப் பிடிக்கல. அவர் ஆசையை எப்படி மீறுறது?

அவர் அதை சொன்னப்ப உனக்கு 12 வயசு. அவர் இருந்திருந்தா நீ 16ல "முடியாதுப்பா"ன்னு சொல்லிருப்ப, ஒரு மாசம் வீட்டுல பேச்சு நின்னிருக்கும், நடுவுல அம்மா தூது போயிருப்பாங்க, ரெண்டு பேர்ல ஒருத்தர் இறங்கி வந்திருப்பீங்க. உயிரோட இருக்கற அப்பாக்களோட ஆசை இப்படி மாறிட்டே இருக்கும். போனவரோட ஆசை மட்டும் கடைசியா சொன்ன இடத்துலயே நின்னுடுது, அதை எதுத்துப் பேச ஆளும் இல்ல.

அதனால அவரை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேர்கிட்ட போய், அவர் ஃப்ரெண்டு, அவர் கூடப் பொறந்தவங்க, "அவர் மனசு மாறுற ஆளா, பிடிவாதக்காரரா, அவர் ஆசைப்பட்ட படிப்பு அவருக்குக் கிடைச்சுதா"ன்னு கேளு. நிறைய பேருக்கு இங்கதான் அப்பாவைப் பத்திப் புதுசா ஏதாவது தெரிய வருது. கேட்டுட்டு அந்தச் சண்டையை உன் பக்கத்துலேர்ந்து முழுசா போடு, அவர் என்ன பதில் சொல்லிருப்பார்ங்கறதையும் நேர்மையா யோசி, அப்புறம் உனக்குப் பிடிச்ச கோர்ஸுக்கு ஃபாரம் வாங்கு, கடைசி தேதி எப்பன்னு பாத்துக்கோ.